கிண்ணம் யாருக்கு?

பொகவந்தலாவையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவன் நான். சில மாதங்களுக்கு முன், இடைவேளையின்போது ஒரு மாணவன் தன் ரொட்டியைச் சுற்றிவந்த பழைய பத்திரிகைத் தாளை என் மேசைமேல் கொண்டுவந்து விரித்தான். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளிலே ஒரு படம். நாய்க் கண்காட்சி ஒன்றில் முதற்பரிசு பெற்ற நாய். அதன் இருபுறமும் அதன் உடைமையாளர்களான கணவனும் மனைவியும். நடுவிலே பெரிய வெள்ளிக் கிண்ணம். நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. அந்தக் கைக்குரிய ஆளைச் சட்டம் வெட்டிவிட்டிருந்தது.

"சேர், இந்தக் கிண்ணம் நாய்க்கா, இவங்களுக்கா?" என்று கேட்டான் பையன்.

"இரண்டு பேருக்குந்தான்" என்றேன்.

"நாய்க்குக் கிண்ணம் என்னத்துக்கு, சேர்?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒன்றைக் கௌரவிப்பது என்றால் என்ன? எதற்காகக் கௌரவிக்கிறோம்? கௌரவம் இன்னதென்று அறியாத ஒரு ஜீவனுக்குச் சூட்டப்படும் பட்டம் உண்மையில் யார் தலையிலே போய் அமர்கிறது? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விகளைச் சற்றே தொடர்ந்து சென்றால், அவை மலையகத்து மனிதனின் வரலாற்றிலே கொண்டுபோய் விடுகின்றன என்பதை எழுத உட்கார்ந்த பிறகே கண்டேன்.

முதலில் ஒரு சுலபமான விடையை அப்புறப்படுத்த வேண்டும். "தொழிலாளியின் குழந்தைக்குப் பால் இல்லை, சீமான் வீட்டு நாய்க்கு வெள்ளிக் கிண்ணமா?" என்று மேடையில் முழங்கிவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொள்ளலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி முழங்கியவன்தான். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த முழக்கத்தில் கோபம் உண்மையானது. அது பாயும் திசைதான் தவறு. குழந்தையின் பாலை நாய் குடிக்கவில்லை. பால் பறிபோனது கூலிக் கணக்கிலே. அதை விட்டுவிட்டு நாயின்மேல் பாய்வது, கல்லெறிந்தவனை விட்டுக் கல்லைக் கடிப்பதற்குச் சமம்.

அதுமட்டுமல்ல, நாயை நேசிப்பது பங்களாவின் ஏகபோக உரிமையும் அன்று. எந்த லயத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். பொகவந்தலாவை, நோர்வூட், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய தோட்டங்களிலெல்லாம் சிறுத்தைகள் இன்றும் நடமாடுகின்றன. தேயிலை மலைகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் பகலைக் கழித்து, இரவிலே அவை லயங்களின் ஓரமாக வந்து போகும். நாயைத் தூக்கிச் செல்வது அவற்றின் வழக்கம். கருக்கலில் பெரட்டுக் களத்துக்குப் புறப்படும் பெண்ணுக்கு முன்னே ஓடி, புதருக்குள் எதையோ பார்த்துக் குரைத்து நிற்கும் நாய்க்கு எந்தச் சங்கத்திலும் பதிவு கிடையாது. ஆயினும் அந்தப் பெண் தன் பங்கு ரொட்டியில் ஒரு விள்ளலை அதற்குப் போடாமல் போவதில்லை.

ஆகவே நாயைக் கௌரவிப்பது தகுமா என்பதல்ல கேள்வி. தகும் என்று நம் முன்னோர் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டு, வட்டெழுத்து. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்துபட்டான். அவனுக்கு எடுத்த கல் அது. அவன் அரசனல்லன், குறுநில மன்னனுமல்லன்; ஒருவருக்குக் கீழ்ப்பட்டுப் பணி செய்த வீரன். அவன் உருவத்துக்குப் பின்னே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியைத் தனியாகவே பொறித்திருக்கிறார்கள். பல்லவப் பேரரசனின் பெயர் இருக்கும் அதே கல்லில் ஒரு நாயின் பெயரும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது!

மற்றொரு கல் கன்னட நாட்டு ஆதகூரில் உண்டு; இப்போது பெங்களூர் அரும்பொருட் காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் வீழ்ந்த காலம், 949–950. அப்போரில் திறங்காட்டிய மணலேரன் என்ற வீரனைப் பார்த்து, "என்ன வேண்டும், கேள்" என்றான் கங்க மன்னன் பூதுகன். ஊரும் பொன்னும் கேட்டிருக்கலாம். அவனோ மன்னனிடமிருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னர் காளி ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தது. அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள்.

இதைச் சொல்வதால் பழங்காலத்தைப் பொற்காலம் என்று நான் கொண்டாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். பிறன் மாட்டைக் கவர்வதும் காப்பதும் தொழிலாக இருந்த சமுதாயம் அது. நிலமும் நாயும் வீரனும் ஒருங்கே அரசனின் உடைமையாக இருந்த சமுதாயம். ஆனாலும் அந்தக் கற்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவிவனின் தாய் தந்தையர் யார் என்று எடுத்தனூரார் கேட்கவில்லை. காளியின் காது மடிந்திருந்ததா, நிமிர்ந்திருந்ததா என்று ஆதகூரார் அளக்கவில்லை. அது என்ன செய்தது என்பதைத்தான் எழுதினார்கள். நாயோடு நின்று மடிந்தவனின் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள்.

(தருமர் நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை இங்கே நண்பர்கள் நினைவூட்டலாம். அந்தக் கதையின் மேல் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. கடைசியில் அந்த நாய் தரும தேவதையாக மாறிவிடுகிறது. நாய் நாயாகவே இருந்து உள்ளே போயிருந்தால் கதை இன்னும் பெரிதாகியிருக்கும்.)

இனி நம் காலத்துக் கண்காட்சிக்கு வருவோம். இன்று நாம் அறிந்த வடிவிலான நாய்க் கண்காட்சி 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தொடங்கியது. வேட்டைக்குரிய இரண்டு இன நாய்கள் அறுபது மட்டும் கலந்துகொண்டன. வென்றோருக்குத் துப்பாக்கி பரிசு. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டு வமிசாவழிப் பதிவேடு பிறந்தது. நாய் பிஸ்கட் கம்பெனியொன்றில் வேலை பார்த்த சார்ல்ஸ் கிரஃப்ட் 1891இல் தொடங்கிய கண்காட்சி, அவர் பெயராலேயே உலகப் புகழ் பெற்றது. நாட்டின் ஆலைகளும் குடியேற்றங்களும் ஈட்டித் தந்த செல்வத்தால் புதிதாக எழுந்த ஒரு வர்க்கம், பழைய பிரபுக்களின் குல கௌரவத்தைத் தானும் அடைய ஆசைப்பட்ட காலம் அது. தனக்கு நீண்ட வமிசாவழி இல்லாதவன் தன் நாய்க்கு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

அரங்கிலே நடப்பது என்ன? நடுவர் நாயின் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார். தோளையும் முதுகையும் தொடையையும் தடவி அளப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். இந்த இனத்து நாய் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று இருக்கிறது. அதற்கு எது நெருங்கி நிற்கிறதோ அதுவே வெல்லும். பிறப்பும் வடிவமுமே அளவுகோல். அது யாரையேனும் காத்ததா, எதையேனும் கண்டுபிடித்ததா என்பது அங்கே வினாவே அன்று.

இந்தக் கௌரவத்தின் விலையை முதலில் கொடுப்பது நாய்தான். 2003இல் கிரஃப்ட் கண்காட்சியின் முதற்பரிசு பெக்கினீஸ் இனத்து நாய் ஒன்றுக்குக் கிடைத்தது. மூக்கு உள்ளடங்கி முகம் தட்டையாக இருப்பதே அந்த இனத்துக்கு அழகு என்று இலக்கணம் வகுத்து, தலைமுறை தலைமுறையாக அவ்வாறே ஈன வைத்ததன் பலனாக, அவ்வின நாய்கள் மூச்சுக்குத் திணறுகின்றன. வெற்றி பெற்ற நாய் உடற்சூடு தணியப் பனிக்கட்டிப் பொதியின் மேல் அமர்ந்தே படத்துக்கு முகங்காட்டியது என்பதை, 2008இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆவணப் படம் வெளிப்படுத்தியது. அதன் பின்னர் அந்தக் கண்காட்சியை ஒளிபரப்புவதையே பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. மூச்சுவிட முடியாத ஒரு பிராணிக்கு மகுடம் சூட்டி, அதை நேசம் என்று அழைத்திருக்கிறார்கள். சகோதரத்தையும் தாயையும் கூட்டிக் குருதியைத் 'தூய்மை' செய்யும் வித்தையின் முடிவு இது.

நமது மொழியிலே இத்தகைய நாய்க்கு என்ன பெயர்? 'சாதி நாய்.' எவ்வளவு பொருத்தமான சொல்! கண்காட்சியின் தத்துவம் முழுவதையும் பாமரன் இரண்டே சொல்லில் அடக்கிவிட்டான். சாதி நாய்க்கு எதிர்ப்பதமாக நிற்பது தெரு நாய். அதை ஆங்கிலேயன் அழைத்த சொல்லோ, தமிழ்நாட்டில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது. நம்மிடமிருந்து அந்த இழிவைக் கடன் வாங்கி, நாய்க்குப் பூட்டி, உலகமெங்கும் அகராதிகளில் ஏற்றிவிட்டான். அந்தச் சமூகத்தவரே இம்மலைகளைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களில் பெருந்தொகையினர்.

இந்த எண்ணம் நாயோடு நின்றுவிடவில்லை. தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதால் நல்ல நாயையும் குதிரையையும் உண்டாக்க முடிகிறதே, மனிதரிலும் அப்படி உயர்ந்த இனத்தை ஆக்கலாமே என்று 1869இல் தமது நூலிலே எழுதினார் பிரான்சிஸ் கால்ட்டன். 'இன மேம்பாடு' என்ற போலி விஞ்ஞானத்துக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. இருபதாம் நூற்றாண்டில் ஹிட்லரின் ஜெர்மனி அந்தப் போலி விஞ்ஞானத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை ஆசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மலைநாட்டுக்கு வேட்டை நாய்ப் பிரதாபத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியிருப்பொன்றை நிறுவப் புறப்பட்ட அவர், குதிரை, பசு, ஆடுகளோடு ஒரு வேட்டை நாய்க் கூட்டத்தையும், பிரான் என்ற தம் செல்ல நாயையும் கப்பலேற்றி வந்தார். 1854இல் வெளிவந்த அவருடைய வேட்டை நூலில் கில்பக், ஸ்மட் என்று நாய்கள் பெயர் பெயராக வந்து வீரம் காட்டுகின்றன. அதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சம் துரத்திய மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். கொள்ளை நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரவர். அவர்களில் எவர் பெயரும் எந்த நூலிலும் வீரம் காட்டவில்லை. பின்வந்த காலத்தில், தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் அமைந்த முகாம்களில் அவர்களை நிறுத்தி உடல் சோதித்து அனுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போய்ச் சேர வேண்டிய தோட்டத்தைக் குறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். இலங்கையில் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலந்தான், 1901இல்.

பெயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொகவந்தலாவைப் புனித மேரி தேவாலயத்துக் கல்லறைகளில் ஒன்று ஜூலியா மார்கரெட் கேமரனுடையது. உலகப் புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர், 1879இல் இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலே டெனிசன், டார்வின் என்று பெயர்கள் ஒளிவிடுகின்றன. இலங்கைக்கு வந்த பின் எடுத்த படங்களோ, 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது போன்ற பொதுத் தலைப்புகளோடு நிற்கின்றன. முகங்கள் உண்டு, அழகாக உண்டு, பெயர்தான் இல்லை. நான் அவரைக் குறைகூற வரவில்லை. அந்த மகத்தான கண்ணுக்கே அது ஒரு குறையாகத் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கண்காட்சி நாய்க்குப் பெயர் உண்டு, நீண்ட பெயர். முன்பாதி அதை வளர்த்த கொட்டிலின் பெயர், அதாவது உடைமையாளரின் பெயர்ச்சின்னம், பின்பாதி நாயினுடையது. 1928இல் கிரஃப்ட் கண்காட்சியில் முதன்முதல் 'அனைத்திலும் சிறந்தது' என்ற பட்டம் பெற்ற கிரேஹவுண்ட் நாயின் பெயர் பிரிம்லி செப்டர். பிரிம்லி என்பது உடைமையாளரின் பண்ணை. நாய் ஓட ஓடப் பண்ணையின் பெயரும் கூடவே ஓடும்! இதிலேயே என் மாணவனின் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

நமது தோட்டங்களிலும் 'பேர்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு நாள் வேலை செய்து செக்ரோலில் பதியப்படுவதற்குப் பேர் என்று பெயர். "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்று கேட்பார்கள். கொழுந்து நிறை குறைந்துவிட்டால் அரைப் பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்துக் குருதி வழிய மலையேறி இறங்கிய பெண் பொழுது சாயும்போது, "எனக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். நாய்க்கு இரட்டைப் பெயர் சூட்டிய நாகரிகம், மனுஷிக்கு அரைப் பேர் போட்டது. சொல் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

இனித்தான் என் நெஞ்சை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். உயர்குல நாய்க்குக் கொடுக்கும் வமிசாவழிப் பத்திரத்தில் குறைந்தது மூன்று தலைமுறை எழுதியிருக்கும். தந்தை, தாய், பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் எத்தனை அறிவுள்ள நாயும் அரங்கில் நுழைய முடியாது.

1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? வமிசாவழிப் பிரஜையாக வேண்டுமானால், இந்த நாட்டிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது; உன் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்துக் காம்பறாவில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டார்கள்! நூறாண்டுக் காலம் இந்த மலையில் காடு வெட்டியதற்கும், கோப்பி நட்டதற்கும், கோப்பி செத்தபோது தேயிலை நட்டதற்கும், நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தலைச்சுமையாகச் சுமந்ததற்கும் அந்தச் சட்டத்தில் ஒரு நிரலும் இல்லை. என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தாய் என்றே கேட்டார்கள். நாய்ப் பத்திரத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடு. நாய்க்குத் தாய் வழியையும் எழுதுவார்கள். இந்தச் சட்டத்தில் தாய்க்கு இடமே கிடையாது. தோட்டத் தொழிலில் பெரும்பங்கைச் சுமந்தவள் பெண் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்விளைவுகளை வாசகர்கள் அறிவார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949இல் வாக்குரிமை இழந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலை எண்ணிப் பங்கு பிரித்தது. மீந்த 1,50,000 பேரின் விதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என்று ஒதுக்கப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோரின் கதையை முடிக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இத்தனைக்கும் நாய் வளர்ப்பவரின் பக்கத்திலே நியாயம் எதுவும் இல்லையா? உண்டு. கண்காட்சி நாயை வளர்ப்பது விளையாட்டல்ல. ஈற்றிரவுகளில் விழித்திருக்க வேண்டும், நோய்க்கு மருந்து பார்க்க வேண்டும், அன்றாடம் மயிர் சீவ வேண்டும், பழக்க வேண்டும். இந்தப் பராமரிப்பு பாராட்டுக்குரிய உழைப்பு என்பதை நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் அந்த உழைப்பை யார் செய்தார்கள்? துரைமார் காலத்துப் பங்களாக்களில் நாயைக் குளிப்பாட்டியதும், இறைச்சி வேகவைத்ததும், உண்ணி பொறுக்கியதும் லயத்திலிருந்து போன பையன்கள். உடைமையாளரே சகலத்தையும் தம் கையால் செய்கின்ற வீடுகளும் இன்று உண்டு. அவர்கள் கிண்ணத்தைப் பெருமையோடு வாங்கிக்கொள்ளட்டும். மற்ற இடங்களில், கயிற்றைப் பிடித்திருக்கும் கையைப் படத்திலிருந்து வெட்டாமல் விட்டால் போதும்.

நம் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இந்திய அரசு 2005இல் இராஜபாளையம், முதோல் முதலிய நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. சீமை நாய்க்கே மவுசு என்றிருந்த நிலையில் அது நல்ல காரியமே. ஆனால் நாட்டு நாய் என்ற பெருமை, கலப்பற்ற குருதி என்ற பெருமையாக உருமாறுவதை இப்போது காண்கிறோம். சீமைச் சாதியை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் சுதேசிச் சாதியை ஏற்றுவதால் என்ன மாறிற்று?

அந்த மாணவனுக்கு நான் நெடுநாள் விடை சொல்லவில்லை. பின்னர் ஒரு நாள் பாடத்திட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, கோவிவனின் கதையை வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் நடுகல்லை வரைந்து, வீரனையும் அவன் பின்னே நாயையும் போட்டேன். என் சித்திரத்தில் நாய் ஆட்டுக்குட்டி போல இருந்தது என்பதைப் பிள்ளைகள் தயங்காமல் எடுத்துக்காட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவன் மேசையருகே வந்து நின்றான். அவர்கள் லயத்தில் ஒரு நாய் இருந்ததாம். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, கோழிக்கூட்டுக்கு வந்த சிறுத்தையை எதிர்த்துக் குரைத்து, கழுத்தில் காயம்பட்டு, இரண்டு நாள் கிடந்து செத்துப்போனதாம். அப்பா அதைத் தேயிலைக்குள் கொண்டுபோய்ப் புதைத்தாராம்.

"அதுக்கும் ஒரு கல் வைக்கலாமா, சேர்?"

"வைக்கலாமே" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "தாத்தாவையும் அந்தப் பக்கந்தான் புதைச்சிருக்கு. அங்க கல்லு ஒண்ணும் இல்ல. தோட்டத்துக் காணியில கல்லு நடுறதுன்னா யார்கிட்ட கேக்கணும், சேர்?"